அம்மாவுடன் எவோரா: ஒரு பகல் போதுமா, ராத்திரி தங்க வேண்டுமா?

மாட்டுங்கா வாசு:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மும்பையிலிருந்து போர்ச்சுகல் போகிறேன். டிக்கெட் போட்டாச்சு (துபாய் வழியாக), விசாவும் கைக்கு வந்தாச்சு. மொத்தம் ஒன்பது ராத்திரி. லிஸ்பனில் ஐந்து, போர்ட்டோவில் நான்கு என்று பிரித்து வைத்திருந்தேன். இப்போது ஆபீசில் பக்கத்து சீட் கோவாக்காரர் "எவோரா பார்க்காமல் திரும்பி வராதே" என்று தினமும் ஒருதரம் சொல்லிக் குழப்பிக்கொண்டிருக்கிறார். அது லிஸ்பனுக்குக் கிழக்கே கோட்டை மதிலுக்குள் இருக்கிற பழைய ஊராம். லிஸ்பனிலிருந்து காலையில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிடலாமா, இல்லை அங்கேயே தங்கினால்தான் சரிப்படுமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். வயது 67. முழங்கால் வலி உண்டு, ஆனால் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் நின்று வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குவார், அதற்கு மட்டும் கால் வலிக்காது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இன்னொன்று, எவோராவில் எலும்பாலேயே கட்டின தேவாலயம் ஒன்று இருக்கிறதாமே? சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ளாமல் அடுக்களைப் பக்கமே போகாத மனுஷி அவர். அங்கே கூட்டிப்போகலாமா, இல்லை அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டுமா?

டோம்பிவிலி ராதா:

வாசு சார், நாங்கள் மாமனார் மாமியாரோடு போய்வந்தோம், அவர்களுக்கும் எழுபதை ஒட்டிய வயதுதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், தங்குங்கள். ஒரு ராத்திரியாவது. பதினோரு மணி வாக்கில் லிஸ்பனிலிருந்து டூரிஸ்ட் பஸ் வரிசையாக வந்து இறக்கும், நாலு மணிக்கு எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னாலும் அப்புறமும்தான் ஊர் ஊராக இருக்கிறது. பகலில் வந்து போகிறவர்கள் பார்ப்பது ஒருவர் முதுகை இன்னொருவர்.

போவதற்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ரயில் ஒரு நாளைக்கு நாலைந்துதான், பஸ் நிறைய. ஆனால் ரயிலில் 65 வயது தாண்டியவர்களுக்குப் பாதி டிக்கெட், வெளிநாட்டுக்காரர்களுக்கும் உண்டு, அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். லிஸ்பன் ஒரியென்ட் ஸ்டேஷனில் ஏறலாம். எவோரா ஸ்டேஷன் சுவரில் நீல ஓடு (டைல்ஸ்) பதித்த சித்திரங்கள் இருக்கின்றன, இறங்கின அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 25 அங்கே பெரிய விடுமுறை, 1974இல் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த நாள், மே 1ம் லீவு. அந்த இரண்டு நாளும் பஸ் குறைச்சல், கடையும் பாதி மூடியிருக்கும், பார்த்துப் போடுங்கள்.

எவோராவில் ஹோட்டல் எடுத்தால் கோட்டை மதிலுக்குள்ளேயே எடுங்கள், வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அம்மா நடுவில் வந்து அரை மணி கால் நீட்டிக்கொள்ளலாம். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். நாலு சக்கர சூட்கேஸ் அதில் உருளாது, குதிக்கும். எங்கள் பெட்டியில் ஒரு சக்கரம் ஜிரால்டோ சதுக்கத்தின் நடுவில் கழன்று உருண்டு போய் ஒரு நாய் முன்னால் நின்றது, நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, என் வீட்டுக்காரர்தான் அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. ஒரு ராத்திரிக்குத் தேவையானதைத் தோள் பையில் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டியை லிஸ்பன் ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும், அம்மாவுக்கு ரப்பர் அடி ஷூ கட்டாயம். செருப்பு வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். அந்தப் பகுதிக்கு அலென்தேஜு என்று பேர், பன்றி இல்லாமல் அவர்களுக்குக் கையே ஓடாது. ரொட்டியைப் பிசைந்து மிகாஸ் என்று ஒன்று தருவார்கள், சைவம் மாதிரியே இருக்கும், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். ஸ்வீட் கடையில் எது கேட்டாலும் முட்டை மஞ்சள் கரு, எல்லாம் பழைய கன்னியாஸ்திரீ மடத்துக் கைப்பக்குவம். ஆனால் ஒரு நல்ல சேதி உண்டு. எவோரா சீஸ் செம்மறி ஆட்டுப் பாலில் செய்வது, பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிறதைப் போடுவதில்லை, ஒருவகை முள்செடியின் பூவைப் போடுகிறார்கள். அது தெரிந்ததும் என் மாமியார் தினமும் அதையும் அந்த ஊர்ப் புளிப்பு ரொட்டியையும் ஆலிவையும் வைத்தே ஓட்டிவிட்டார்.

அசோர்டா என்று ஒரு ரொட்டி ரசம் இருக்கிறது. பூண்டையும் பச்சைக் கொத்தமல்லியையும் உப்போடு நசுக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ரொட்டித் துண்டைப் போடுவார்கள். மேலே முட்டை உடைத்துப் போடுவது வழக்கம், மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றுகிற இடமும் உண்டு. "சேம் ஓவு, சேம் பெய்ஷ்" (முட்டை வேண்டாம், மீன் வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லி, வெறும் வெந்நீரில் செய்து தரச் சொல்லுங்கள். தருவார்கள், ஆனால் உங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அப்புறம், உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, சீஸ், ஆலிவ் கொண்டுவந்து வைப்பார்கள். இனாம் இல்லை, தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் தள்ளிவைத்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். முதல் நாள் தெரியாமல் நாங்கள் நாலு பேர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்!

எலும்பு விஷயம் அப்புறம் எழுதுகிறேன், குக்கர் கூப்பிடுகிறது.

செம்பூர் கிட்டு:

எனக்கு ஒன்று புரியவில்லை. போர்ச்சுகீசியக் கோட்டை மதில் பார்க்க வேண்டும் என்றால் தாதரில் விரார் லோக்கல் ஏறி வசாயில் இறங்கினால் போதாதா? வாசு, நீங்கள் மும்பையில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், வசாய் கோட்டைக்குள் ஒரு தடவையாவது கால் வைத்ததுண்டா? 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா போர்ச்சுகீசியர்களுக்கு எழுதிக் கொடுத்தது, 1739இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா முற்றுகை போட்டுப் பிடிக்கும்வரை அவர்கள் கையில் இருந்தது. இருநூறு வருஷம்! இடிந்த பிரான்சிஸ்கன் சர்ச் தரையில் போர்ச்சுகீசிய எழுத்தோடு கல்லறைக் கற்கள் அப்படியே கிடக்கின்றன, அதன் மேல் பையன்கள் கல்யாண போட்டோ எடுக்கிறார்கள். சரி, அது என் பழைய புலம்பல்.

எவோராவும் போயிருக்கிறேன், ஆபீஸ் வேலையாக லிஸ்பன் போனபோது ஒரு சனிக்கிழமை. ராதா மேடம் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு வித்தியாசம், ஊருக்குள் பார்க்க ஒரு பகல் தாராளம். மதிலுக்குள் எல்லாமே நடக்கிற தூரம். ரோமானியர் கோயில், பெரிய சர்ச், யூனிவர்சிடி மூன்றும் மேட்டில் பக்கத்துப் பக்கத்தில். அந்தக் கோயிலை டயானா கோயில் என்பார்கள், டயானாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பின்னால் யாரோ கட்டிவிட்ட கதை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக் கட்டடம், பதினாலு தூண் இன்னும் நிற்கிறது. எப்படித் தப்பித்தது தெரியுமா? நடுக்காலத்தில் தூணுக்கு இடையில் சுவர் வைத்து அடைத்து, 1836 வரைக்கும் கசாப்புக் கடையாக வைத்திருந்தார்கள். கறி வெட்டின சுவர்தான் கோயிலைக் காப்பாற்றியது. அப்புறம் 1870 வாக்கில் சுவரை இடித்துத் தூணை வெளியே எடுத்தார்கள். அம்மாவிடம் கசாப்புக் கடை சமாச்சாரத்தைச் சொல்லாமல் காட்டுங்கள், கோபுரம் இல்லாத கோயில் என்று மட்டும் வருத்தப்படுவார்.

யூனிவர்சிடிக்குள் கட்டாயம் போங்கள். 1559இல் ஜெசூட்டுகள் (சேசு சபைப் பாதிரியார்கள்) ஆரம்பித்தது, 1759இல் அவர்களை நாட்டைவிட்டே துரத்தி இழுத்து மூடிவிட்டார்கள், மறுபடி திறந்தது 1973இல். வகுப்பறைச் சுவரில் பாதி உயரத்துக்கு நீல ஓடு பதித்திருக்கிறது, எந்தப் பாடம் நடந்ததோ அதற்கேற்ற சித்திரம். இன்றைக்கும் பிள்ளைகள் அதன் கீழேதான் பெஞ்சு போட்டு உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் பிடித்தது வேறு. பதினாறாம் நூற்றாண்டில் கட்டின தண்ணீர்ப் பாலம் மதிலைத் தாண்டி ஊருக்குள் வருகிறது, உள்ளே வரவர வளைவுகள் குட்டையாகிக்கொண்டே போகும், ருவா து கானு என்கிற தெருவில் அந்த வளைவுகளுக்கு அடியிலேயே கதவும் ஜன்னலும் வைத்து வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். நம் ஊர் பிரிட்ஜுக்கு அடியிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஆனால் ஜெரேனியம் தொட்டி கிடையாது.

தாராவி செல்வின்:

அண்ணே, எல்லாரும் எவோராவோட நிப்பாட்டிட்டீங்க. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் விலா விசோசா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மும்பையில் இருக்கிற தமிழன் போர்ச்சுகலில் எங்கே போகாவிட்டாலும் அங்கே போகணும், இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று மும்பைக் காரணம். பம்பாய்த் தீவை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, 1661இல், அந்தக் கல்யாணப் பெண் கேத்தரின் பிறந்தது விலா விசோசா அரண்மனையில், 1638இல். அவள் அப்பா அப்போது ராஜாகூட இல்லை, பிரகன்சா பிரபுதான். இரண்டு வருஷம் கழித்து ஸ்பெயின்காரனைத் துரத்திவிட்டு ராஜா ஆனார். சீதனம் எழுதிக்கொடுத்தார்களே தவிர இங்கே இருந்த போர்ச்சுகீசியக்காரர்களுக்கு மனசு வரவில்லை, இழுத்தடித்து 1665இல்தான் தீவைக் கொடுத்தார்கள். சார்லஸ் அதை 1668இல் வருஷத்துக்கு பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுவிட்டார். பத்து பவுண்டு! இன்றைக்கு மாஹிமில் ஒரு பைக் நிறுத்த அதைவிடக் கூடக் கேட்பான்.

இரண்டாவது தமிழ்க் காரணம். நான் தூத்துக்குடிக்காரன், எங்கள் பனிமய மாதா கோவிலில் அடக்கமாகியிருக்கிற அன்றீக் பாதிரியார், அதாவது ஹென்றிக் ஹென்றிக்கஸ், பிறந்த ஊரும் இதே விலா விசோசாதான், 1520 வாக்கில். முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களோடு இருந்து தமிழ் படித்து, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்திலேயே அச்சடித்தவர். பதினாறே பக்கம். இந்திய எழுத்து ஒன்றில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் நம் கரையிலேயே இருந்து 1600இல் புன்னைக்காயலில் இறந்துபோனார், ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் முன்னோர் யூத மதத்திலிருந்து மாறினவர்கள். இப்படி மாறினவர்கள் ரகசியமாகப் பழைய மதத்தையே பின்பற்றுகிறார்களா என்று விசாரித்துத் தண்டிக்கிற மத விசாரணை மன்றம் எவோராவில் 1536 முதல் நடந்தது, ஜிரால்டோ சதுக்கத்தில் இப்போது காபி குடிக்கிறோமே, அங்கேதான் தண்டனையை ஊர் கூட்டி வாசித்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு அங்கே உட்கார்ந்தால் காபி கொஞ்சம் கசக்கும்.

எலும்பு என்றதும் ஞாபகம் வந்தது, கார்சியா த ஓர்டா என்ற வைத்தியரும் அலென்தேஜுக்காரர்தான், பம்பாய்த் தீவையே குத்தகைக்கு வைத்திருந்தவர், நம் மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவில் புத்தகம் போட்டவர். அவரும் யூத வம்சம். செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1580இல், கோவா மத விசாரணை மன்றத்தார் அவர் எலும்பைத் தோண்டி எடுத்துக் கொளுத்தினார்கள்.

டோம்பிவிலி ராதா:

செல்வின் தம்பி, இதெல்லாம் தெரியாமல் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

வாசு சார், எலும்புத் தேவாலயம். பிரான்சிஸ்கன் சாமியார்கள் கட்டியது, ஊரில் மடத்துக்கு மடம் இடுகாடு இருந்து இடம் நிரம்பிப்போனதால் தோண்டி எடுத்துச் சுவரிலும் தூணிலும் பதித்தார்கள். சுமார் 5000 பேருடைய எலும்பு என்கிறார்கள். உள்ளே நாற்றமோ இருட்டோ கிடையாது, பயமும் இல்லை. தொடை எலும்பு, மண்டையோடு என்று வரிசையாக, கொத்தனார் செங்கல் அடுக்கின மாதிரி. என் மாமனார் வாசலோடு நின்றுவிட்டார், மாமியார் உள்ளே போய் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். ஆக யார் பயப்படுவார்கள் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாசல் மேலே எழுதியிருப்பதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் செல்பி குச்சிகள்தான் தெரியும்.

மாட்டுங்கா வாசு:

எல்லோருக்கும் நன்றி. போர்ட்டோவில் ஒன்று, லிஸ்பனில் ஒன்று குறைத்து எவோராவில் இரண்டு ராத்திரி போட்டுவிட்டேன். கிட்டு சார், வசாய் போனதில்லை, ஒப்புக்கொள்கிறேன். வந்து எழுதுகிறேன்.

மாட்டுங்கா வாசு (மே இரண்டாம் வாரம்):

வந்தாச்சு. சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கின இடம் ருவா து கானுவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, நாலே அறை. வீட்டுக்கார அம்மாளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, எங்கள் அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அந்த அம்மாள் அறையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். கையில் கொடுத்தது "ஷாவ்". திறந்து காட்டியது "ஜனேலா". துணி வைக்க "அர்மாரியு". அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடா, சாவி ஜன்னல் அலமாரின்னு தமிழ்லயே சொல்றா?" என்றார். அதற்கப்புறம் நான் நடுவில் தேவைப்படவே இல்லை. இரண்டு பேரும் இரண்டு நாளும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டார்கள். கடைசி நாள் காலையில் போய்ப் பார்த்தால் அம்மா அவர்கள் அடுக்களையில் நின்றுகொண்டு, கொத்தமல்லியைத் தண்டோடு சேர்த்துத்தான் நசுக்க வேண்டும் என்று கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறார். அசோர்டாவை அந்த வீட்டில் முட்டை இல்லாமல் வெந்நீரில் செய்து கொடுத்தார்கள். அம்மா தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்கு, ஒரு மிளகு சீரகம் தட்டிப் போட்டா ரசம்." சீஸ் பூவில் செய்வது என்று ராதா மேடம் எழுதியதைக் காட்டினேன், நம்பவில்லை, கடைக்காரரிடமே கேட்கச் சொன்னார். அவர் காய்ந்த ஊதாப் பூவைக் கொண்டுவந்து காட்டினபிறகுதான் வாயில் போட்டார்.

ஹோட்டல் ஒன்றில் மட்டும் ஏமாந்தோம். காய்கறி சூப் என்று உறுதியாகச் சொல்லிக் கொண்டுவந்தார்கள், கரண்டியைவிட்டுக் கிளறினால் அடியில் தொத்திறைச்சித் துண்டு. திருப்பி அனுப்பினேன், துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா அன்றைக்கு ராத்திரி பையில் இருந்த தேப்லாதான் (குஜராத்தி வெந்தயக்கீரைச் சப்பாத்தி) சாப்பிட்டார். காட்கோபர் குஜராத்திக்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

எலும்புத் தேவாலயம். திறந்ததும் போனோம், எங்களோடு ஐந்தாறு பேர்தான். வாசலில் நிறுத்தி மேலே எழுதியிருப்பதைச் சொன்னேன், "இங்கே இருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்களுடையதற்காகக் காத்திருக்கிறோம்" என்று. அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அவசரம் ஒண்ணும் இல்லேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார். உள்ளே எதையும் தொடவில்லை, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுவிலேயே நடந்தார். ஒரு தூண் பக்கத்தில் நின்று, மண்டையோடு ஒன்றில் ஒரே ஒரு பல் மட்டும் பாக்கியிருப்பதைக் காட்டி, "தாத்தாவுக்கும் இப்படித்தான், ஒண்ணே ஒண்ணு கடைசிவரைக்கும் விழலை" என்றார். அறைக்குத் திரும்பினதும் நேரே குளியலறை. தலையோடு தண்ணீர், என்னையும் விடவில்லை.

விலா விசோசாவுக்குப் பஸ் நேரம் ஒத்துவரவில்லை, டாக்சி எடுத்தோம். செலவுதான், ஆனால் வழியெல்லாம் கார்க் மரம். ஒன்பது வருஷத்துக்கு ஒருதரம் பட்டையை உரிப்பார்களாம், உரித்த மரம் அடியில் காவி நிறத்தில் நிற்கிறது, எந்த வருஷம் உரித்தது என்று மேலேயே எண் எழுதியிருக்கிறது. அரண்மனை முகப்பு முழுக்கப் பளிங்கு, நூறு மீட்டருக்கு மேல் நீளம், அந்தப் பகுதியே பளிங்குக் குவாரி. வழிகாட்டி கேத்தரின் படத்தைக் காட்டினபோது, மும்பையைச் சீதனமாகக் கொண்டுபோனது இவள்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். "நம்ம மாட்டுங்காவுமா?" என்றார். செல்வின், இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள், நான் சமாளித்துவிட்டேன். அன்றீக் பாதிரியாரைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, பேரை எழுதி வாங்கிக்கொண்டார்.

ராஜாக்கள் படம், மெத்தை, நாற்காலி எதிலும் அம்மாவுக்கு ஆர்வமில்லை, முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அடுக்களைக்குள் விட்டார்கள். சுவர் முழுக்கச் செப்புப் பாத்திரம், நூற்றுக்கணக்கில், அண்டா, வாணலி, மூடி, மீன் வேகவைக்கிற நீளச் சட்டி, எல்லாம் பளபளவென்று. வலி எங்கே போனதோ தெரியவில்லை. ஒவ்வொன்றாக நின்று பார்த்தார், ஒரு அண்டாவில் ஈயம் போயிருப்பதையும் கண்டுபிடித்தார். வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொன்னார்: இவ்வளவையும் யார் தேய்க்கிறார்கள், புளியா எலுமிச்சையா?

தாராவி செல்வின்:

அண்ணே, மாட்டுங்கா மாஹிமுக்குப் பக்கத்தில். போர்ச்சுகீசியக்காரர்கள் மாஹிம் சீதனத்தில் சேராது என்று கடைசிவரை சண்டை போட்டார்கள், இங்கிலீஷ்காரன் சேரும் என்று எடுத்துக்கொண்டான். அம்மாவிடம் "தகராறில் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். பாதிரியார் பேரை எழுதிக் கொடுத்தீர்களே, அதற்கு எங்க ஊர் சார்பில் நன்றி.

செம்பூர் கிட்டு:

எல்லாம் சரி. வசாய் எப்போது?

மாட்டுங்கா வாசு:

மழை விழுவதற்குள், இந்த ஞாயிறு காலை, தாதரில் விரார் ஃபாஸ்ட். அம்மா எலுமிச்சம்பழ சாதம் கட்டுகிறார். உங்களுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லட்டுமா சார்?

செம்பூர் கிட்டு:

தயிர் சாதம் என்றால் வருகிறேன்.